கோனன் முதல் சீசன்: நிலவொளித் தீவில் தோற்ற துப்பறிவாளன்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: கீழே கொலையாளிகள் யார் என்பதெல்லாம் வரும். 1996-ல் வந்த தொடருக்கு இதெல்லாம் தேவையா என்று கேட்கலாம். ஆனால் இன்றைக்குத்தான் முதல் அத்தியாயத்தைப் போட்டு உட்காரப் போகிறவர் யாராவது இருப்பார், அவருக்காக.

'டிடெக்டிவ் கோனன்' பார்க்கலாம் என்று இணையத்தில் விசாரித்தால் உடனே ஒரு பட்டியலை நீட்டுவார்கள். இது மெயின் கதை, இது ஃபில்லர், இதைத் தாண்டிப் போயிடு, நேரா 129-க்கு வந்துடு என்று. ஆயிரத்துக்கும் மேல் அத்தியாயங்கள் ஓடிக்கொண்டிருக்கும் தொடர், வேலை வெட்டி உள்ளவர்கள் என்னதான் செய்வார்கள்? அந்த அறிவுரையில் நியாயம் இருக்கிறது. ஆனால் 'மெயின் கதை' என்று அவர்கள் சொல்வது கறுப்பு உடை போட்ட கும்பலின் கதையை. அப்படிப் பார்த்தால் முதல் சீசனின் 28 அத்தியாயங்களில் ஒன்றிரண்டுதான் தேறும். ஜின்னும் வோட்காவும் முதல் அத்தியாயத்தில் வருகிறார்கள், ஐந்தாவதில் புல்லட் ரயிலில் ஏறி இறங்குகிறார்கள், அதோடு ஆளையே காணோம்.

என் கட்சி வேறு. இந்தத் தொடரின் மெயின் கதை அந்தக் கும்பலே இல்லை. குற்றவாளியைக் கண்டுபிடித்த பிறகு துப்பறிவாளனுக்கு என்ன கடமை மிச்சம் இருக்கிறது என்ற கேள்விதான் மெயின் கதை. அந்தக் கேள்வி முதல் சீசனில், 11-வது அத்தியாயத்தில் வருகிறது. பட்டியல்காரர்கள் அதை 'நல்லா இருக்கும், முடிஞ்சா பாரு' என்று ஓரத்தில் போட்டு வைத்திருக்கிறார்கள்.

அதற்கு முன் கொஞ்சம் பின்னணி. கோஷோ அயோயாமா இந்த மங்காவை 1994-ல் 'ஷோனென் சண்டே' வார இதழில் தொடங்கினார். 1996 ஜனவரி 8 அன்று அனிமே வந்தது. தயாரிப்பு டி.எம்.எஸ்., இயக்கம் கென்ஜி கொடாமா, இசை கட்சுவோ ஓனோ. திங்கட்கிழமை சாயங்காலம் ஏழரை மணி, வீட்டில் குழந்தைகள் சாப்பிட்டுக்கொண்டிருக்கிற நேரம். 'சீசன்' என்ற கணக்கெல்லாம் பின்னால் போட்டது. ஜப்பானில் அது வாராவாரம் இடைவெளி இல்லாமல் ஓடிய தொடர். அதனால் இந்த 28-க்குள் ஒரு தொடக்கம், நடு, முடிவு என்று தேடக் கூடாது.

கதையின் அடிப்படை எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஷினிச்சி குடோ என்ற உயர்நிலைப் பள்ளிப் பையன், பெரிய துப்பறிவாளன் என்று பெயர் வாங்கியவன். பொழுதுபோக்குப் பூங்காவில் கறுப்பு உடை ஆட்களின் வியாபாரத்தைப் பார்த்துவிடுகிறான். தலையில் அடித்து மாத்திரையைத் திணிக்கிறார்கள். சாகாமல் சின்னப் பையனாகச் சுருங்கிவிடுகிறான். கண்ணாடியை மாட்டிக்கொண்டு 'எடோகாவா கோனன்' என்று பெயர் சொல்லி, தோழி ரானின் வீட்டில் தங்குகிறான். அவள் அப்பா கோகொரோ மோரி, தனியார் துப்பறிவாளர், முன்னாள் போலீஸ்காரர், இப்போது பீரும் தொலைக்காட்சியும்தான் வாழ்க்கை.

பெயர்களைப் பற்றி ஒரு பத்தி எழுதாமல் என்னால் நகர முடியாது. அலமாரியில் இருந்த புத்தகங்களைப் பார்த்து ஷினிச்சி சட்டென்று உருவாக்கும் பெயர் அது: ரான்போ எடோகாவா, ஆர்தர் கோனன் டாயில். ரான்போ என்பதே புனைபெயர், எட்கர் ஆலன் போவின் பெயரை ஜப்பானிய நாக்கில் உருட்டிச் செய்தது. கோகொரோ, ரான்போவின் துப்பறிவாளன் அகெச்சி கோகொரோவிடமிருந்து வந்தவர். மோரி, ஆர்சேன் லூப்பேனைப் படைத்த மோரிஸ் லெப்லானிடமிருந்து. இன்ஸ்பெக்டர் மெகுரே, சிமெனோனின் மெக்ரே. பேராசிரியர் அகாசா, அகதா கிறிஸ்டி. அலுவலகத்துக்குக் கீழே இருக்கும் காபி கடையின் பெயர் பொய்ரோ. ஊர் பேக்கா, அதாவது பேக்கர் தெரு. பள்ளியின் பெயர் தெய்தான், திருப்பிப் போட்டால் 'தான்தெய்', துப்பறிவாளன். அந்த மாத்திரையின் எண்கூட 4869, ஜப்பானிய முறையில் இலக்கங்களை உச்சரித்தால் ஷெர்லாக் மாதிரி ஒலிக்கும். 2004-ல் அமெரிக்காவில் 'கேஸ் க்ளோஸ்ட்' என்று ஓடிய ஆங்கில மொழிமாற்றத்தில் ஷினிச்சியை ஜிம்மி ஆக்கி, கோகொரோவை ரிச்சர்ட் மூர் ஆக்கினார்கள். கதை புரிந்திருக்கும், சந்தேகமில்லை. ஆனால் இது ஒரு வாசகன் எழுதிய தொடர், துப்பறியும் கதைகளின் மொத்தப் பரம்பரையையும் ஒரு தெருவில் குடிவைத்திருக்கிறான் என்ற விஷயம் அதில் பாதி காணாமல் போய்விட்டது.

பரம்பரை என்று சொன்னது சும்மா இல்லை. பின்னால் தேவைப்படும்.

முதல் பத்து அத்தியாயங்களில் எனக்குப் பிடித்த விஷயம், தொடருக்கு இன்னும் அச்சு விழவில்லை. பிற்காலத்தில் ஒரு வார்ப்பு வந்துவிடும்: ஒரு பிணம், மூன்று சந்தேக நபர்கள், கோனன் மூளைக்குள் மின்னல் கீற்று, ஊசி, கோகொரோ சாய்வது, விளக்கம், கண்ணீர். இங்கே அப்படி இல்லை. முதல் அத்தியாயத்தில் ரோலர் கோஸ்டரில் தலை துண்டிக்கப்படுகிறது. ஏழரை மணிக்கு! இரண்டாவதில் கொலையே கிடையாது. அப்பா வேலை வேலை என்று இருக்கிறாரே என்று ஒரு சிறுமியே தன் கடத்தலை ஏற்பாடு செய்கிறாள், அதற்குள் நிஜமாகவே கடத்தப்படுகிறாள். நான்காவதில் குழந்தைகள் ஒரு படக் குறியீட்டு வரைபடத்தை வைத்துக்கொண்டு டோக்கியோவைச் சுற்றுகிறார்கள்.

மூன்றாவதுதான் உண்மையில் தைரியமானது. யோகோ ஒகினோ என்ற பாடகியின் பூட்டிய வீட்டில் ஒருவன் முதுகில் கத்தியோடு கிடக்கிறான். ஹீட்டர் உச்சத்தில் ஓடுகிறது, தரையில் தண்ணீர். கொலையாளி யாருமில்லை. பனிக்கட்டியில் கத்தியை நட்டு அதன்மேல் தானே விழுந்திருக்கிறான். அவன் யோகோவின் பழைய காதலன். அவளைப் போலவே பின்னால் தெரியும் இன்னொரு நடிகையை அவள் என்று நினைத்து, வெறுத்துவிட்டாள் என்று முடிவுகட்டி, பழியை அவள்மேல் போட்டுச் செத்திருக்கிறான். ஒரு முதுகைத் தப்பாகப் பார்த்ததற்கு ஒரு உயிர். தண்ணீரைக் கண்ணெதிரே காட்டிவிடுகிறார்கள், ஹீட்டரையும் காட்டிவிடுகிறார்கள், நாம்தான் கூட்டிப் பார்க்க மாட்டோம். ஆட்டம் சுத்தம். இந்தத் 'தப்பாகப் புரிந்துகொண்ட காரணம்' பிற்காலத்தில் இவர்களுக்கு ஒரு வியாதியாகவே ஆகிவிட்டது, பாதிப் பேர் ஏதோ தப்பாக நினைத்துத்தான் கொல்கிறார்கள். முதல் தடவை பார்க்கும்போது அது வலிக்கிறது.

குரல்களைப் பற்றியும் சொல்லணும். கோனனுக்கு மினாமி தகாயாமா. 'கிகி'ஸ் டெலிவரி சர்வீஸ்' பார்த்தவர்களுக்குத் தெரிந்த குரல். இதில் அவர் ஒரே வாக்கியத்துக்குள் இரண்டு வயது பேசுகிறார். பெரியவர்கள் கவனிக்காத தடயத்தைக் காட்ட 'அரேரே?' என்று குழந்தைக் குரலில் இழுப்பார், அடுத்த நொடி மனசுக்குள் பேசும்போது குரல் கீழே இறங்கி பதினேழு வயதாகிவிடும். கோகொரோவுக்கு அகிரா கமியா. இது குறும்பான தேர்வு. 'சிட்டி ஹன்டர்' நாயகன் ரியோ சாயெபாவின் குரல் அவர்தான், அந்தத் தொடரை இயக்கியதும் இதே கொடாமாதான். ஒரு காலத்து ஹீரோ குரலை எடுத்து ஒரு கோமாளிக்குக் கொடுத்திருக்கிறார்கள். ஆனால் கோனன் அவரைத் தூங்க வைத்துவிட்டு போ-டையில் அவர் குரலில் பேசும்போது, கமியா அந்தப் பழைய ஹீரோவாகவே பேசுகிறார். கோகொரோ எப்படி இருந்திருக்கலாமோ அந்த மனிதனின் குரல், அவர் தூங்கும்போது மட்டும் வெளியே வருகிறது.

சரி, 11-க்கு வருவோம்.

'பியானோ சொனாட்டா மூன்லைட் கொலை வழக்கு', 1996 ஏப்ரல் 8, ஒரு மணி நேரச் சிறப்பு அத்தியாயம். மங்காவில் 7-வது தொகுதி. ட்சுகிகாகே என்ற தீவுக்கு வரும்படி கோகொரோவுக்கு ஒரு கடிதம் வருகிறது, கூடவே பணமும். அனுப்பியவர் பெயர் அசோ கெய்ஜி. போய் விசாரித்தால் அந்தப் பியானோ கலைஞர் 12 வருடம் முன்பே செத்துப்போனவர். குடும்பத்தைக் கொன்று, வீட்டுக்குத் தீ வைத்து, எரியும் வீட்டுக்குள் பீத்தோவனின் 'மூன்லைட்' சொனாட்டாவை வாசித்துக்கொண்டே செத்தார் என்பது ஊர்க் கதை. அன்று முன்னாள் ஊர்த் தலைவரின் நினைவு நாள். பொது மண்டபத்தில் பியானோ ஒலிக்கிறது, பிணம் கிடக்கிறது. மூன்று பேர் சாகிறார்கள், சொனாட்டாவின் மூன்று பகுதிகளுக்கு ஒவ்வொருவராக. இசைக் குறிப்பின் வடிவில் சங்கேதச் செய்திகள்.

கொலையாளி தீவின் டாக்டர். அசாய் நருமி, ரானிடம் அன்பாகப் பழகும் இளம்பெண். பெண்ணில்லை, அசோ கெய்ஜியின் மகன் செய்ஜி. டோக்கியோவில் ஆஸ்பத்திரியில் இருந்ததால் உயிர் தப்பியவன், பிறகு வேறு குடும்பத்தின் பெயரில் வளர்ந்தவன். 'செய்ஜி' என்று எழுதும் எழுத்துகளையே 'நருமி' என்றும் படிக்கலாம், டாக்டர் சான்றிதழில் உச்சரிப்பு போடுவதில்லை. அப்பா தற்கொலை செய்துகொள்ளவில்லை, போதைப்பொருள் கடத்தலில் இருந்த கூட்டாளிகள் குடும்பத்தோடு கொன்றார்கள். அந்தக் கூட்டாளிகள்தான் இப்போது சாகிறார்கள்.

புதிராக இதற்கு எத்தனை மதிப்பெண்? சங்கேதத்தைப் பொறுத்தவரை குறைவுதான். பியானோ கட்டைகளை எழுத்துகளுக்கு ஒப்பிட்டுப் படிக்கும் முறை. பார்க்கிறவர் உட்கார்ந்து அவிழ்க்க வாய்ப்பே தராமல் கோனன் படித்துச் சொல்லிவிடுகிறான். டேப் விஷயம் நன்றாக இருக்கிறது. இசை தொடங்குவதற்கு முன் சில நிமிடங்கள் வெறும் மௌனம் ஓடும் கேசட், கொலையாளி போட்டுவிட்டுக் கூட்டத்தோடு வந்து நின்றுகொள்ள அது போதும். ஆனால் உண்மையான சாமர்த்தியம் இதில் எதிலும் இல்லை. இறந்த நேரத்தைச் சொல்வது யார்? டாக்டர். தீவில் வேறு யாரும் இல்லை, அவர் சொன்னதை எல்லோரும் குறித்துக்கொள்கிறார்கள். நாமும்தான். சந்தேகத்தை எல்லார்மேலும் போடுகிற நாம், அந்தச் சந்தேகத்துக்குத் தேவையான தகவலைத் தருகிறவரை மட்டும் மேஜை நாற்காலி மாதிரி எடுத்துக்கொள்கிறோம். பெண் வேடம் பற்றி எனக்கு ஒரு முணுமுணுப்பு உண்டு. இரண்டு வருடம் ஒருவர் அப்படி வாழ்ந்ததைப் பற்றிக் கதைக்கு ஆர்வமே இல்லை, முகமூடியைக் கழற்றுவது போல ஒரு நொடியில் கழற்றிவிட்டுப் போகிறது.

இனிமேல்தான் விஷயம். கோனன் ஒலிபெருக்கி வழியாக, கோகொரோவின் குரலில் உண்மையைச் சொல்லி முடிக்கிறான். வழக்கமாக இங்கே கதை முடிந்துவிடும். நருமி அங்கே இல்லை. பொது மண்டபம் எரிகிறது, உள்ளே பியானோ ஒலிக்கிறது. கோனன் தீக்குள் ஓடுகிறான். கையில் செய்ஜியின் அப்பா விட்டுப்போன இசைக் குறிப்பு. அதிலும் சங்கேதம், நீயாவது நேர்மையாக வாழ் என்று மகனுக்கு. அது கிடைக்கும்போது செய்ஜியின் கையில் மூன்று பேரின் ரத்தம். கோனனைத் தூக்கி ஜன்னல் வழியாக வெளியே எறிகிறான். பிறகு உட்கார்ந்து வாசிக்கிறான், வாசிப்புக்குள்ளேயே அதே சங்கேதத்தில் அந்தக் குட்டித் துப்பறிவாளனுக்கு ஒரு நன்றி சொல்கிறான்.

வெளியே நிற்பவன் எல்லாவற்றையும் சரியாகக் கண்டுபிடித்தவன். ஒரு தடயத்தையும் தவறவிடவில்லை. அப்புறமும் தோற்றிருக்கிறான்.

இங்கேதான் பரம்பரை. ரான்போவுக்கு அடுத்த பெரிய பெயர் செய்ஷி யோகோமிசோ (கோனனில் ஒரு இன்ஸ்பெக்டருக்கு இந்தப் பெயர் உண்டு). ஒதுங்கிய தீவு, பழைய பாவம், கலை வடிவத்தில் அடுக்கப்பட்ட கொலைகள் என்பதெல்லாம் அவருடைய 'கோகுமோன் தீவு' மாதிரியான கதைகளின் சொத்து. அவருடைய துப்பறிவாளன் கின்டாய்ச்சி கோசுகே தாமதமாக வருவதற்கே பேர் போனவன். கொலைகள் எல்லாம் முடிந்த பிறகு விளக்கம், அதற்குப் பிறகு குற்றவாளி தானே தன் கணக்கை முடித்துக்கொள்வது. அந்தச் சாவுக்கு ஒரு கௌரவம் இருந்தது, கதைக்கும் அது சௌகரியம். அவன் பேரன் என்று சொல்லிக்கொண்டு 1992-ல் இன்னொரு மங்கா வந்தது, 'கின்டாய்ச்சி சிறுவனின் வழக்குகள்'. கோனனுக்கு நேர்ப் போட்டி. அதிலும் அம்பலப்பட்ட கொலையாளிகள் அடிக்கடி செத்துப்போவார்கள். 11-வது அத்தியாயமும் அந்த மரபில்தான் முடிகிறது. வித்தியாசம் என்னவென்றால், இந்தத் தொடர் அதைக் கௌரவமாக எடுத்துக்கொள்ளாமல் தோல்வியாக எழுதி வைத்துக்கொண்டது. பல மாதம் கழித்து 77, 78-வது அத்தியாயங்களில் ஒசாகா பையன் ஹெய்ஜியிடம் கோனன் இதைச் சொல்கிறான்: யுக்தியால் ஒருவனை மூலைக்குத் தள்ளி அவன் சாகும்படி விட்டுவிட்டால், அந்தத் துப்பறிவாளனுக்கும் கொலைகாரனுக்கும் வித்தியாசம் இல்லை. அதன்பிறகு குற்றவாளியின் கையிலிருந்து கத்தியைத் தட்டிவிடப் பந்து உதைக்கும் ஒவ்வொரு காட்சியும், எனக்கு இந்தத் தீவிலிருந்துதான் வருகிறது.

அனிமே இதில் தெரிந்தோ தெரியாமலோ இன்னொரு வேலையும் செய்திருக்கிறது. மங்காவில் இந்தத் தீவுக்கு வருமுன்பே, 2-வது தொகுதியில், அகெமி என்ற பெண் கும்பலால் சுடப்பட்டு கோனனின் கண்ணெதிரே செத்துவிடுகிறாள். அனிமே முதலில் தீவுக்குப் போய்விட்டு, அகெமியின் கதையை 13-வது அத்தியாயமாக வைத்தது, அதிலும் அவளைச் சாகவிடவில்லை. கும்பலும் வராது. பிற்பாடு அவள் தங்கை ஹைபாரா கதைக்குள் வர வேண்டியிருந்ததால், 128-ல் அதே வழக்கைத் திரும்ப எடுத்து அவளைக் கொன்றார்கள். ரசிகர்கள் இதை ஓட்டை, தொடர்ச்சிப் பிழை என்று திட்டுவார்கள். திட்டலாம். ஆனால் அந்த மாற்றத்தால் அனிமேயில் கோனன் காப்பாற்ற ஓடி, காப்பாற்ற முடியாமல் போன முதல் மனிதர் ஒரு கொலையாளி. கெட்டவர்கள் சுட்ட ஒரு பாவப்பட்ட பெண் இல்லை. தான் சரியாகக் கண்டுபிடித்ததால் செத்த ஒருவன். கேள்வி இன்னும் கூர்மையாகிவிடுகிறது.

குறையும் சொல்லிவிடணும். செத்த மூவரும் போதைப்பொருள் கடத்தியவர்கள், ஒரு குடும்பத்தையே கொளுத்தியவர்கள். அவர்களுக்காக யாரும் அழ வேண்டியதில்லை என்று கதை முன்கூட்டியே ஏற்பாடு செய்துவிட்டது. கொலையாளிமேல் நமக்கு இரக்கம் வர இது குறுக்கு வழி. செத்தவர்களில் ஒருவர் கொஞ்சம் நல்லவராக, மனம் திருந்தியவராக இருந்திருந்தால் கோனன் தீக்குள் ஓடுவது எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். அப்புறம், அடுத்த வாரமே 12-வது அத்தியாயம்: ஆயுமி ஒரு கார் டிக்கியில் ஒளிந்துகொண்டு மாட்டிக்கொள்ளும் சிரிப்புக் கதை. தீவைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது. வருடம் நகராத தொடர் இது, கோனன் இன்றும் ஒன்றாம் வகுப்புதான், கைபேசி மட்டும் புதுசாகிக்கொண்டே இருக்கிறது. காலமே நகராத இடத்தில் குற்ற உணர்ச்சி எங்கே தங்கும்? தொடரை எடுக்கிறவர்களுக்கு ஆனால் ஞாபகம் இருந்திருக்கிறது. 2021 மார்ச்சில் 1000-வது அத்தியாயம் வந்தபோது, புதுசாக ஒரு பிரம்மாண்ட வழக்கை யோசிக்காமல், 1000, 1001 இரண்டையும் இதே 'மூன்லைட்' வழக்கைத் திரும்ப எடுக்கத்தான் செலவு செய்தார்கள்.

சீசனின் கடைசி இரண்டு, 27-ம் 28-ம், கோகொரோவின் கல்லூரி ஜூடோ அணி நண்பர்கள் கூடும் கதை. தோழி ஒருத்தி கொல்லப்படுகிறாள், செய்தவன் பழைய நண்பர்களில் ஒருவன். கோனன் கண்டுபிடித்துவிட்டு, வழக்கம்போல ஊசிக் கைக்கடிகாரத்தைத் திறக்கப் பார்க்கிறான். அதற்குள் கோகொரோ தானே பேசத் தொடங்கிவிடுகிறார். விழித்துக்கொண்டே. கமியாவின் அந்த ஹீரோக் குரல் இந்த ஒரு முறை உரியவர் வாயிலிருந்தே வருகிறது. புதிர் சாதாரணம்தான், ஆனால் நண்பனை எதிரே நிறுத்தி அவர் அதை அவிழ்க்கும்போது முகத்தில் ஜெயித்த களை கொஞ்சமும் இல்லை. நண்பன் பாய்கிறான், கோகொரோ ஜூடோ பிடி போட்டுத் தரையில் சாய்த்துவிடுகிறார். அவன் உயிரோடு போலீஸிடம் போகிறான்.